புவியியல் கொப்பியில் எழுதிய நாவல்

(சங்கத்தின் நூற்றாண்டு விழா இலக்கிய அமர்வில் வாசிக்கப்பட்ட உரை)



இந்த உரையை வாசிப்பது ஒருத்தி. எழுதியது ஐந்து பேர். 1995ஆம் ஆண்டு உயர்தரக் கலைப் பிரிவில் ஒரே வரிசையில் இருந்த நாங்கள் ஐவரும் இப்போது யாழ்ப்பாணம், வவுனியா, கொழும்பு, லண்டன், ரொறன்ரோ என்று ஐந்து இடங்களில் இருக்கிறோம். மூன்று கிழமையாக, ஒருத்திக்கு விடியும்போது மற்றவளுக்கு இருட்டும் நேரங்களில், தொலைபேசியில் சண்டை பிடித்து இதை எழுதி முடித்தோம். ஆகவே இதில் "நாங்கள்" என்று வருமிடமெல்லாம் உண்மையாகவே நாங்கள்தான்.

பேசுபொருளை நாங்கள் தெரிவு செய்யவில்லை. கல்லூரித் தமிழ் மன்றத்துப் பிள்ளைகள் பழைய மாணவிகளிடம் கேட்க விரும்பும் கேள்விகளை எழுதி ஒரு பெட்டியில் போட்டிருந்தார்கள். பெரும்பாலான கேள்விகள் வெளிநாட்டுப் படிப்பு, வேலைவாய்ப்பு பற்றியவை. அவற்றுக்குப் பதில் சொல்லத் தகுந்தவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரே ஒரு துண்டில் மட்டும் வேறு கேள்வி இருந்தது. தான் ஒரு நாவல் எழுதத் தொடங்கியிருப்பதாகவும், 7 அத்தியாயம் முடிந்திருப்பதாகவும், வீட்டில் சோதனை முடியட்டும் என்று சொல்வதாகவும், பாடசாலை, ரியூசன், செயற்றிட்டம், தவணைப் பரீட்சை இவற்றுக்கிடையில் எழுத நேரத்தை எங்கே தேடுவது என்றும் ஒரு தங்கை கேட்டிருந்தாள். பெயர் எழுதவில்லை. எழுதாததன் காரணம் எங்களுக்கு நன்றாக விளங்கும். அந்தத் துண்டைச் சங்கச் செயலாளர் படம் பிடித்து எங்களுக்கு அனுப்பினார். நாவல் என்றதும் எங்கள் ஞாபகம் வந்ததாம்.

தங்கையே, நீங்கள் எந்த வரிசையில் நிற்கிறீர்கள் என்று நாங்கள் தேடப் போவதில்லை. பதிலை எல்லோருக்குமாகச் சொல்லிவிடுகிறோம்.

முதலில் சோதனை முடியட்டும் என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். அது கெட்ட புத்தி அல்ல. உயர்தரத்தில் இசட் புள்ளி கொஞ்சம் குறைந்தாலும் வெட்டுப்புள்ளிக்கு வெளியே போய்விடுவோம் என்ற பயம் எந்தப் பெற்றோருக்கும் இருக்கும். ஆனால் சோதனை முடிந்த பிறகு நேரம் வருமா? எங்களில் மூவருக்கு, சோதனை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த மாதங்கள் வாய்த்தன. அந்த மாதங்களில் மூவரும் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. ஒருத்தி தட்டச்சு பழகினாள். ஒருத்தி தையல் பழகினாள். மற்றவள் அக்காவின் பிள்ளையைப் பார்த்தாள். பள்ளிக்கூடம் இல்லாத ஒரு பெண்பிள்ளை வீட்டில் சும்மா இருக்கிறாள் என்று தெரிந்தால், அந்தச் சும்மாவை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். பிறகு பல்கலைக்கழகம், பிறகு வேலை, பிறகு கலியாணப் பேச்சு. மணிக்கணக்குக்கு உட்பட்டு நெருக்கியடித்துக்கொண்டிருந்த அந்த இரண்டு வருடத்தில்தான் நாங்கள் எங்கள் வாழ்நாளிலேயே ஆகக் கூடுதலாக எழுதியிருக்கிறோம். இது ஏன் என்று நாங்கள் ஐந்து பேரும் யோசித்ததைத்தான் இனிச் சொல்லப் போகிறோம்.

1994இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. 1990இல் போன மின்சாரம். மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி வைத்து எரித்த விளக்கை இங்கே இருக்கும் ஐம்பது வயதுக்காரர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வானொலி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்ற வேண்டும். கொப்பி கிடைப்பதே கஷ்டம். பழைய தவணைப் பரீட்சைகளின் றோணியோ வினாத்தாள்களில் ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும். அந்தப் பக்கத்தில் கணக்குச் செய்வோம், கடிதம் எழுதுவோம்.

இதைச் சொல்வது, நாங்கள் அவ்வளவு கஷ்டத்திலும் எழுதினோம், உங்களுக்கு என்ன குறை என்று கேட்பதற்காக அல்ல. அந்தப் பேச்சு எங்களுக்குப் பிடிக்காது. உண்மையைச் சொன்னால், விளக்கு இல்லாதபடியால் எங்களுக்கு இரவு நீளமாக இருந்தது. தொலைக்காட்சி இல்லை, தொலைபேசி இல்லை. செல் விழும் பயம் இருந்தது, ஆனால் மணித்தியாலங்கள் கையில் இருந்தன. இன்றைய பிள்ளை 1.30க்குப் பள்ளிக்கூடம் விட்டு, வேர்வையோடு ரியூசனுக்குப் போய், இருட்டிய பிறகு வீடு வந்து, சனி ஞாயிறும் வகுப்புக்குப் போகிறாள். இந்த நேரசூசியைப் போட்டவர்கள் பெரியவர்களாகிய நாங்கள். பிள்ளைகளுக்கு நேரம் இல்லை என்றால் அது அவர்களுடைய சோம்பலால் அல்ல.

எங்கள் நாவல் ஒரு வெற்றுப் பாடவேளையில் தொடங்கியது. அரசறிவியல் ரீச்சர் அன்று வரவில்லை. எங்களில் ஒருத்தி தீவுப்பகுதியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து எங்கள் வகுப்பில் சேர்ந்தவள். வேலணையிலிருந்த தன் வீட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கிணற்றடிக்குப் போக எத்தனை படி, தேசிமரம் எந்தப் பக்கம், மாரியில் தண்ணீர் எந்தக் கல் வரைக்கும் வரும். மற்றவள் அதைக் கொப்பியில் எழுதினாள். எழுதியதை வாசித்துக் காட்டியபோது அவள் கோபப்பட்டாள். தேசிமரத்தைக் கிணற்றுக்கு மேற்கே வைத்துவிட்டாளாம். திருத்தி எழுதினோம். அடுத்த நாள் அந்த வீட்டுக்குள் ஒரு குடும்பத்தைக் குடியிருத்தினோம். அதற்கடுத்த நாள் அந்தக் குடும்பத்துக்கு ஒரு வழக்கு வந்தது. அப்படித்தான் அது நாவலாயிற்று.

கொப்பிகளின் மட்டையில் "புவியியல் – பௌதிகம்" என்று எழுதியிருந்தோம். புவியியல் என்றால் வீட்டில் ஒருவரும் திறந்து பார்க்க மாட்டார்கள். தமிழ் என்று எழுதியிருந்தால் அம்மா ஆசையாக எடுத்து வாசித்திருப்பார்.

இனி நேரக் கணக்குக்கு வருவோம். எங்களில் கணக்காளராக இருப்பவள் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று அடம்பிடித்தாள். ஒற்றைக்கோட்டுக் கொப்பியில் ஒரு பக்கத்துக்கு, ஓரளவு நெருக்கமான கையெழுத்தில், 130 சொல் அளவில் வரும். 80 பக்கக் கொப்பி ஒன்று நிரம்பினால் பத்தாயிரத்துச் சொச்சம் சொல். பள்ளிக்கூட நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் என்று வைத்தால், வருடத்துக்கு ஏறக்குறைய 200 பக்கம், அதாவது இரண்டரைக் கொப்பி. உயர்தரம் இரண்டு வருடம். ஐந்து கொப்பி, 50,000 சொல்லுக்கு மேல். அது நல்ல அளவான ஒரு நாவல். எதை எழுதுவது என்று தெரிந்திருந்தால் ஒரு பக்கத்துக்கு 20 நிமிடம் போதும். தெரியாவிட்டால் இரண்டு மணித்தியாலமும் போதாது.

எங்கள் அனுபவத்தில் எல்லாமே இந்தக் கடைசி இரண்டு வசனத்துக்குள் இருக்கிறது. எழுதுவதற்கான 20 நிமிடத்தை எப்படியும் பிடிக்கலாம். ரீச்சர் வராத பாடவேளை, இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குப் பழகும் நாட்களில் எங்கள் முறை வரும்வரை மரத்தடியில் இருக்கும் நேரம், பஸ் தரிப்பிடம், ரியூசன் கொட்டிலுக்கு வெளியே முன் வகுப்பு விடும்வரை நிற்கும் நேரம். யோசிக்கிற நேரம்தான் வேறு. அதற்கு மேசை தேவையில்லை, கொப்பி தேவையில்லை. எங்களுக்கு அது கிணற்றடியிலும் அடுப்படியிலும் கிடைத்தது. தண்ணீர் அள்ளும்போது, தேங்காய் திருவும்போது, இடியப்பம் பிழியும்போது கை தன்பாட்டில் வேலை செய்யும். பாத்திரங்களைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கலாம். எங்கள் வீட்டு ஆண்பிள்ளைகளுக்கு மேசையும் கதிரையும் கிடைத்தன, எங்களுக்குத் திருவலை கிடைத்தது. இந்தப் பங்கீடு நீதி என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் திருவலையில் இருந்து நாங்கள் மூன்று அத்தியாயங்களின் உரையாடலை முழுவதுமாக யோசித்து முடித்திருக்கிறோம். இன்று அந்த நேரத்தில் காதில் பாட்டோ யாருடைய பேச்சோ ஓடிக்கொண்டிருக்கிறது. தங்கையே, நாளுக்கு ஒரு வேலையையாவது காதில் ஒன்றும் கொழுவாமல் செய்து பாருங்கள். போனிலேயே தமிழில் எழுதுவதை நாங்கள் குறை சொல்ல மாட்டோம், எங்களில் ரொறன்ரோக்காரி பஸ்ஸில் இருந்து அப்படித்தான் எழுதுகிறாள். யோசிக்கும்போது மட்டும் அது பையில் கிடக்கட்டும்.

ஐந்து பேர் எழுதியதில் ஒரு வசதி இருந்தது. கொப்பியைக் கை மாற்றும்போது வசனத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கொடுப்போம். முதலில் அது பகிடிக்குத்தான். "அவர் கதவைத் திறந்தபோது அங்கே" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். வாங்கியவளுக்கு இருப்புக் கொள்ளாது, அன்றைக்கே எழுதிவிடுவாள். தனியாக எழுதுகிறவர்களும் இதைச் செய்யலாம். அத்தியாயத்தை அழகாக முடித்துவிட்டு மூடி வைத்தால், அடுத்த முறை முதலிலிருந்து தள்ள வேண்டும். பாதி வசனத்தில் விட்டால் உட்கார்ந்தவுடன் பேனை ஓடும். எங்களில் இருவரின் பெயரில் பின்னர் புத்தகங்கள் வெளிவந்திருக்கின்றன. இருவரும் இன்றைக்கும் இப்படித்தான் எழுதுகிறார்கள்.

எங்கள் தமிழ் ரீச்சர் ஒருநாள் அந்தக் கொப்பியைப் பிடித்துவிட்டார். பாடம் நடந்துகொண்டிருந்தது. ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டி வாங்கி, தன் கொப்பிகளுடன் சேர்த்து வைத்துக்கொண்டார். அன்றிரவு நாங்கள் ஒருவரும் நித்திரை கொள்ளவில்லை. மறுநாள் கொப்பி திரும்பி வந்தது. முதல் 12 பக்கத்திலும் லகர, ளகர, ழகரப் பிழைகள் சிவப்பு மையால் திருத்தப்பட்டிருந்தன. 13ஆம் பக்கத்திலிருந்து ஒரு திருத்தமும் இல்லை. பிழைகள் அங்கேயும் தாராளமாக இருந்தன. ஏன் ரீச்சர் நிற்பாட்டிவிட்டீர்கள் என்று ஒருத்தி துணிந்து கேட்டாள். "பிறகு கதையை வாசிக்கத் தொடங்கிட்டன், பிள்ளை" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. பாராட்டுச் சான்றிதழ்கள் நிறைய வாங்கியிருக்கிறோம். அந்தப் பதிலுக்குக் கிட்ட ஒன்றும் வரவில்லை.

சான்றிதழ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பாடசாலைகளில் எழுத்துக்கு இடம் இல்லை என்று சொல்ல முடியாது. தமிழ்த் தினப் போட்டி இருக்கிறது, மன்றத்துக் கையெழுத்துச் சஞ்சிகை இருக்கிறது, பரிசளிப்பு விழா மலர் இருக்கிறது. ஆனால் இவற்றில் இடம்பெறுவதெல்லாம் ஒரு இருப்பில் முடிகிறவை: கட்டுரை, கவிதை, பேச்சு, சிறுகதை. நாவல் அப்படி முடியாது. அதற்குத் திகதி இல்லை, நடுவர் இல்லை, கிண்ணம் இல்லை. எந்த நேரசூசியிலும் அது ஏறாது. ஆகவே நாவல் எழுதும் பிள்ளை எப்போதும் ஏதோ திருட்டு வேலை செய்கிறவள் போலத் தெரிகிறாள். அந்தத் தங்கை பெயர் எழுதாததும் அதனால்தான் என்று நினைக்கிறோம்.

பள்ளிக்கூடத்தில் இருந்தபடியே நாவல் எழுதியவர்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் எஸ்.ஈ. ஹின்டன் என்ற பிள்ளை 15 வயதில் "தி அவுட்சைடர்ஸ்" நாவலைத் தொடங்கினார். 1967இல் அது வெளிவந்தபோது அவருக்கு வயது 18. அதை எழுதிக்கொண்டிருந்த வருடம் பள்ளியில் ஆக்க எழுத்துப் பாடத்துக்கு அவருக்குக் கிடைத்த புள்ளி டி தரம் என்று அவரே சொல்லியிருக்கிறார். பின்வரிசையில் சிரிப்புக் கேட்கிறது. பிரான்சில் பிரான்ஸுவாஸ் சகான், பல்கலைக்கழகப் பரீட்சையில் தவறிய கோடையில் ஒரு சிறு நாவல் எழுதினார். 1954இல் அது வெளிவந்தபோது அவருக்கும் 18 வயது, நாடே அதைப் பற்றிப் பேசியது. இதை வீட்டில் போய் உதாரணமாகக் காட்ட வேண்டாம். அம்மாமார் எங்களைத் தேடி வருவார்கள்.

எங்கள் மண்ணில், 1914இல் மங்களநாயகம் தம்பையா எழுதிய "நொறுங்குண்ட இருதயம்" வந்தது. ஈழத்துத் தமிழ்ப் பெண்ணொருவர் எழுதிய முதல் நாவலாக இலக்கிய வரலாற்றில் குறிப்பிடப்படுவது அது. எங்கள் சங்கத்தை விட மூத்தது. பின்னாளில் கோகிலா மகேந்திரன் ஆசிரியராகவும் அதிபராகவும் கடமை பார்த்தபடியே எழுதினார். செங்கை ஆழியான் அரச நிர்வாக சேவையில் இருந்தபடியே நாவல் நாவலாக எழுதினார். இவர்கள் ஒருவருக்கும் சும்மா இருந்த காலம் இருக்கவில்லை.

ஆங்கில எழுத்தாளர் அந்தனி ட்ரொலொப்பின் கதை நேரம் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் எடுத்துக் காட்டுவது. தபால் திணைக்களத்தில் வேலை பார்த்த அவர் காலை 5.30 முதல் 8.30 வரை எழுதினார். மணிக்கூட்டை முன்னால் வைத்து, ஒவ்வொரு கால் மணிக்கும் 250 சொல். கேட்கப் புல்லரிக்கும். ஆனால் தன்னை எழுப்பிக் கோப்பி கொடுக்க வேலையாள் ஒருவருக்கு வருடத்துக்கு 5 பவுண் மேலதிகமாகக் கொடுத்தார் என்பதையும் அவரே தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். எங்கள் வீடுகளில் விடியப்புறம் 4 மணிக்கு எங்களை எழுப்பித் தேத்தண்ணி தந்தது யார்? அவருக்கு யார் 5 பவுண் கொடுத்தார்கள்? அம்மா எங்களுக்கு முதல் எழும்பி, எங்களுக்குப் பிறகு படுத்தார். அம்மாவுக்கு எழுத ஏதாவது இருந்ததா என்று நாங்கள் ஐந்து பேரில் ஒருவரும் கேட்டதில்லை என்பது இந்த உரையை எழுதும்போதுதான் தெரிய வந்தது. இரண்டு அம்மாமார் இன்னும் இருக்கிறார்கள். கேட்டோம். ஒருவர் சிரித்தார். மற்றவர், கலியாணத்துக்கு முதல் ஒரு கொப்பி வைத்திருந்தேன் என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை.

சோதனைக்கு வருவோம், ஏனென்றால் பெற்றோர் காத்திருக்கிறார்கள். படிப்பைக் கைவிட்டு எழுது என்று நாங்கள் சொல்லமாட்டோம். நித்திரையையும் திருட வேண்டாம். நித்திரை இல்லாத பிள்ளை எழுதும் அத்தியாயம் காலையில் வாசிக்கச் சகிக்காது. சோதனைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது கொப்பியை மூடி வைக்கலாம். மூடுமுன் கடைசிப் பக்கத்தில் மூன்று வரி எழுதுங்கள்: இப்போது யார் எங்கே நிற்கிறார், அடுத்து என்ன நடக்கப் போகிறது, நீங்கள் இன்னும் தீர்மானிக்காதது எது. எங்கள் வழக்கம் அது. ஒவ்வொரு தவணைப் பரீட்சைக்கு முன்னும் அப்படித்தான் மூடினோம், முடிந்த அன்றைக்கே திறந்தோம். அந்த மூன்று வரி இல்லாமல் மூடிய கொப்பியைத் திறக்க மனம் வராது.

1995 ஒக்டோபர் 30. அந்த நாளைப் பற்றி இந்த மண்டபத்தில் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பிறந்திராத பிள்ளைகளுக்கு மட்டும்: வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தது. மழை பெய்தது. எங்கள் நாவல் அப்போது 31ஆம் அத்தியாயத்தில் நின்றது. ஆறு கொப்பிகள், கொஞ்சம் றோணியோ தாள்கள், ஐந்து வீடுகளில் பிரிந்து கிடந்தன. ஒருத்தியின் அம்மா அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், இரண்டு மாற்றுடுப்பு, அரிசி எல்லாவற்றையும் கட்டிவிட்டு, பிள்ளை அடுத்த வருடம் சோதனை எடுக்க வேண்டுமே என்று அவளுடைய பாடக் கொப்பிகளையும் பைக்குள் திணித்தார். அதில் "புவியியல் – பௌதிகம்" என்ற கொப்பியும் இருந்தது. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், முப்பது பேர் நடுவில் அவள் பையைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. மற்ற ஐந்து கொப்பிகளும் போய்விட்டன. பிறகு நாங்கள் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு வருடங்களில் சோதனை எழுதினோம். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்தது அதற்குப் பிறகு இரண்டு முறைதான்.

தப்பிய கொப்பி முதலாவது. வேலணை வீடு இருக்கும் கொப்பி. அந்த வீட்டுக்குரியவள் பல வருடம் கழித்து அங்கே போனாள். கிணறு இருந்தது, தூர்ந்து போய். வீடு இல்லை, தேசிமரம் இல்லை, படிகளும் இல்லை. அவளிடம் ஒரு புகைப்படம்கூட இல்லை. கிணற்றடிக்கு எத்தனை படி என்பது இப்போது அந்தக் கொப்பியில் மட்டும்தான் இருக்கிறது. சோதனை முடியட்டும் என்று நாங்கள் அன்றைக்கு வைத்திருந்தால் அந்தப் பக்கங்கள் எழுதப்பட்டே இராது. அந்தப் பாடவேளையில் சொன்ன மாதிரி இன்று சொல்ல அவளுக்கே முடியவில்லை. படி எத்தனை என்று கேட்டால், கொப்பியைப் பாருங்கள் என்கிறாள்.

எங்களில் கணக்காளர் அதற்குப் பிறகு ஒரு கதையும் எழுதவில்லை. எழுத விருப்பமும் இல்லையாம். பள்ளிக்கூடத்தில் நாவல் எழுதுகிற எல்லோரும் எழுத்தாளராக வேண்டும் என்று சட்டம் இல்லை. அந்தக் கொப்பியை இத்தனை வருடம் வைத்திருந்தவள் அவள்தான்.

கடைசியாக, பிள்ளைகளுக்கு அல்ல, சங்கத்தின் அக்காமாருக்கும் தங்கைமாருக்கும் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டை ஒட்டிப் பலவிதமான அன்பளிப்புகள் பேசப்படுகின்றன. அவற்றுடன் செலவில்லாத ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிழமையில் இரண்டு நாள், பள்ளிக்கூடம் விட்ட பிறகு 1.30இலிருந்து 3 மணி வரை நூலகம் திறந்திருக்கட்டும். ஒரு சோற்றுப் பார்சலும் தண்ணீரும் கிடைக்க ஒழுங்கு செய்வோம், ஏனென்றால் பசியோடு எழுத முடியாது. போட்டி வேண்டாம், பரிசு வேண்டாம், எழுதியதை யாரும் கேட்டு வாங்கிப் பார்க்கவும் வேண்டாம். எழுதுகிற பிள்ளை எழுதட்டும், சும்மா இருக்கிற பிள்ளை சும்மா இருக்கட்டும். வீட்டில் ரியூசன் போகவில்லையா என்று கேட்டால், நூலகத்தில் இருந்தாள் என்று சொல்ல ஒரு பெரியவர் அங்கே இருப்பார். அந்தப் பெரியவராக முறை வைத்து வந்திருக்க, யாழ்ப்பாணத்தில் இருக்கும் எங்கள் வகுப்புக்காரர் ஆறு பேர் சம்மதித்திருக்கிறார்கள். சாப்பாட்டுச் செலவை லண்டனும் ரொறன்ரோவும் ஏற்றுக்கொண்டன. அதிபர் அவர்கள் செவ்வாயும் வியாழனும் வசதி என்று சொல்லியிருக்கிறார். நூலகச் சாவி யாரிடம் இருப்பது என்பது மட்டும் இன்னும் பேசி முடியவில்லை. விழா முடிந்ததும் அதைப் பேசுவோம்.